மூன்றாவது ஆளின் பூட்ஸ்

அன்பு மகள் இல்ஹானாவுக்கு,

சலாம். நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், நீயும் பிரஸ்ஸல்ஸில் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது, முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள், இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்துகிறவள் என்று பெயர்தான், கூச்சம் மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை.

குளிர்காலத்துக்கு விறகு வந்து இறங்கிவிட்டது, அப்பா முதுகைப் பிடித்துக்கொண்டே அடுக்கி முடித்தார். மிளகாய் சுட்டு அரைத்து பதினாலு பாட்டில் போட்டிருக்கிறேன், அதில் நாலு உனக்கு. அப்பாவின் நீல ஃபைல் இப்போது இரண்டாகிவிட்டது. நம் நாட்டு இயக்குநர்களைப் பற்றிப் பத்திரிகையில் எது வந்தாலும் வெட்டி ஒட்டி, முதல் படம் எடுத்தபோது என்ன வயது, இரண்டாவது படத்துக்கு என்ன வயது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறார். ஒருவருக்கு முப்பதில் ஒன்று, நாற்பத்தொன்றில் ஒன்று, நடுவில் பதினோரு வருடம் காபி விளம்பரமும் கல்யாண வீடியோவும். ஒரு பெண் படத்துக்குப் பணம் தரும் நாலு நாட்டுக் கையெழுத்துக்காக ஆறு வருடம் காத்திருந்தாளாம். இரண்டாவது படம் வராதவர்களுக்கு அப்பா கோடு போடுவதில்லை, இடம் மட்டும் விட்டு வைக்கிறார். நானும் புரட்டிப் பார்த்தேன், யாராக இருந்தாலும், எந்த நாட்டில் குடியிருந்தாலும், முதல் படத்தை இங்கே தங்கள் தெருவுக்கு வந்துதான் எடுத்திருக்கிறார்கள். உன் பக்கத்தில் மட்டும் 28 என்று பேனாவால் எழுதியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் முதல் படத்துக்காக மார்ச்சில் நம் வீட்டில் எடுத்த காட்சி, மூன்று பேர் வந்து உன் தாத்தாவை, என் அப்பாவை, அழைத்துப் போவது. கேமரா மேசைக்கு அடியில் இருந்த குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் பின்னால் வாசலில் நடந்ததை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு பேர் பூட்ஸோடு உள்ளே வர, மூன்றாவது ஆளாக நடித்த நம் ரொட்டிக்கடை ஹசிப் மாமா குனிந்து பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, துப்பாக்கியும் காலுறையுமாக வந்திருக்கிறார். அங்கே போட்டுக் காட்டியபோது நாற்பது பேர் சிரித்தார்களாம், தயாரிப்பாளர் மாத முடிவுக்குள் அதை வெட்டச் சொல்கிறாராம், திரும்ப எடுக்கலாம் என்றால் அந்தக் குழந்தைக்கு முன்பல் விழுந்து ஆளும் வளர்ந்துவிட்டாள். "தாத்தா போறத பார்த்து சிரிக்கிறாங்கம்மா, அந்தக் காட்சி போச்சுன்னா படமே இல்ல" என்று நீ சொன்னபோது மிளகாய் கருகுது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். மிளகாய் ஒன்றும் கருகவில்லை.

ஹசிப் மாமாவின் மேல் கோபப்படாதே. செவ்வாய்க்கிழமை பாலாடைக்கட்டி அடைத்துச் சுட்ட பீட்டா ஒரு தட்டு கொண்டு வந்தவர் உட்காரக்கூட இல்லை. "மெவ்லிடா, துப்பாக்கிய தூக்கச் சொன்னாங்க, தூக்கினேன். கதவ உதைக்கச் சொன்னாங்க, உதைச்சேன். உன் விரிப்புல பூட்ஸோட ஏற மட்டும் காலு வரலையே, நான் என்ன பண்ண" என்றார். அப்பா சும்மா இருப்பாரா, "நல்லவேளை, துப்பாக்கிய ஓரமா வச்சுட்டு ஒரு காபி கேக்காம விட்டியே" என்றார். "கேட்டுருப்பேன், டைரக்டர் உங்க பொண்ணா போயிட்டா, திட்டுவா" என்று சிரித்தவர் உடனே முகம் சுருங்கி, "என்னால அவ பொழப்பு கெட்டுச்சுன்னா இந்தத் தெருவுல எந்த மூஞ்சியோட நடப்பேன்" என்று கேட்டார். பீட்டாவை வைத்துவிட்டுப் போய்விட்டார். தப்பு என்னுடையதுதான். உன் ஆட்கள் அந்தக் காட்சிக்கென்று கிழிந்த பழைய விரிப்பு ஒன்றைப் போட்டிருந்தார்கள், ஊர் உலகம் பார்க்கப்போகிற படத்தில் நம் வீட்டில் கிழிசலா என்று வெட்கப்பட்டு, யாருக்கும் தெரியாமல் அதைச் சுருட்டிவிட்டு, துவைத்து வைத்திருந்த நம் சிவப்பு விரிப்பைப் போட்டது நான்.

இது கடிதம் எழுதும் அளவுக்குப் பெரிய தப்பு இல்லை. எழுத வந்தது வேறு. போர் வந்த அந்த மே மாதம் எனக்குப் பதினாறு வயது. நீ படத்தில் என்னை ஏழு வயதுக் குழந்தையாக்கி மேசைக்கடியில் ஒளித்து வைத்துவிட்டாய், நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று பேர் வந்தார்கள், தாத்தாவைக் கூட்டிப் போனார்கள் என்று மட்டும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரை நான் பார்த்ததே இல்லை. மூன்றாவது ஆள் வருடா வருடம் நமக்கு விறகு கொண்டு வந்தவர், நம் வீட்டில் எத்தனையோ முறை காபி குடித்தவர், பெயர் உனக்கு வேண்டாம். அவர் வாசலில் குனிந்து கயிற்றை அவிழ்த்து பூட்ஸைக் கழற்றினார். யோசித்துச் செய்யவில்லை, காலுக்கு அப்படிப் பழக்கம். சாம்பல் நிறக் காலுறை, பெருவிரலில் ஓட்டை. கூட வந்தவன் "என்னடா, விருந்துக்கா வந்த" என்று கேட்டு முழங்கையால் இடித்தான். அவர் தாத்தா பக்கம் திரும்பி, "கோட்ட எடுத்துக்கோ டெர்விஷ், ராத்திரி குளிரும்" என்றார்.

நான் வாசலுக்குப் போனேன். வந்தவர்கள் கிளம்பும்போது அப்படியே கால் நுழைத்துக்கொள்ளும்படி அவர்கள் காலணியை முனை வெளியே பார்க்கத் திருப்பி வைப்பது வீட்டுப் பெண்ணின் வேலை, உனக்கும் அதைத்தான் பழக்கினேன். நான் அந்த பூட்ஸைத் திருப்பி வைத்தேன், இல்ஹா. இரண்டையும் ஜோடி சேர்த்து, தெருவைப் பார்க்க. அவர் நின்றபடியே காலை நுழைத்துக்கொண்டு, கயிற்றைக்கூடக் கட்டாமல், தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பன்னிரண்டு வருடம் கழித்து தாத்தா ஒரு சின்னப் பெட்டியில் எலும்பாக வந்தார். அந்த விறகுக்காரரே குனிந்து பூட்ஸைத் திருப்பிப் போட்டிருந்தாலும் அந்த அரை நிமிடத்தில் ஒன்றும் மாறியிருக்காது, எனக்குத் தெரியும். ஆனாலும் என் கை செய்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட.

அதனால் வெட்டாதே. ஹசிப் மாமா செய்தது தப்பு இல்லை, அப்படித்தான் நடந்தது. பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு ஒரு சின்னக் கை அந்த பூட்ஸைத் திருப்பி வைக்கட்டும். அதற்குக் குழந்தையின் முகம் வேண்டியதில்லை, பல்லும் வேண்டியதில்லை, எந்தப் பெண் பிள்ளையின் கையும் போதும். வாசல் அதே வாசல்தான், விரிப்பு அலமாரியில் இருக்கிறது, பூட்ஸை ஹசிப் மாமா துடைத்து எடுத்து வைத்திருக்கிறார். எப்படித் திருப்ப வேண்டும் என்று நான் காட்டிக் கொடுக்கிறேன். இதெல்லாம் உன் தொழில், எனக்கு என்ன தெரியும், சரி வராது என்றால் விட்டுவிடு. யார் சொன்னது என்று கேட்டால் அம்மா என்று சொல்லிக்கொள், பரவாயில்லை.

பனி விழுவதற்குள் வந்துவிடு, மலைப்பாதையை மூடிவிட்டால் பேருந்து வராது. அல்லாஹ் உன் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும், உன் பக்கத்தில் அப்பா இரண்டாவது வயதும் எழுதுகிற நாளைக் கொடுக்கட்டும். கம்பளிக் காலுறையை மறக்காமல் போட்டுக்கொள். மார்ச்சில் நீ உன் ஆட்களோடு வந்தபோது வாசலில் இருபது ஜோடி காலணி கிடந்தன, எல்லாவற்றையும் திருப்பி வைத்தேன், உன்னுடையதை மட்டும் தொடவில்லை, நீ கவனித்தாயோ என்னவோ. விருந்தாளிகளுடையதைத்தான் திருப்ப வேண்டும். இந்த முறையும் நீ கழற்றிப் போட்டபடி அது வீட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

உன் வழியைப் பார்த்திருக்கும் அம்மா,
மெவ்லிடா