ஊசியை எண்ண வேண்டும்

முத்தம்மா,

ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி ரங்கூனிலிருந்து வந்த அந்தச் சீன ஊசி வைத்தியனிடம், பூந்தமல்லிக்குப் போகிறேன். வலது தோள் எழவில்லை. இதை இடது கையால் எழுதுகிறேன்.

வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வருமாம். அதனால்தான் நீ மூடி வைத்த பழைய சோற்றைத் தின்றேன். கோபம் போய்விட்டது என்று நினைக்காதே.

ஊசியில் மருந்தே கிடையாதாம். குத்தியபின் அரை மணி அசையாமல் கிடக்கணுமாம். எவன் நம்புவான்? குத்தும்போதும் எண்ணுவேன், பிடுங்கும்போதும் எண்ணுவேன். ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நேற்று நீ “நானும் வரேன் நைனா” என்றாய். “பொம்பளைக்கு அங்க இன்னா வேலை” என்று கத்தினேன். வேலை இருக்கிறது. ஊசியைப் பார்த்தால் எனக்குக் கண் மூடிக்கொள்ளும்.

பூட்டு உறியில் இருக்கிறது. கதவைப் பூட்டிக்கொண்டு, சீக்கிரம் வா. பூந்தமல்லியில் அமீருதீன் சாயபு மண்டிக்குப் பின்னால்தான் வைத்தியன் வீடு. நீ எண்ணு.

நைனா