மஞ்சள் வாய் மீன்

16-2-74, சனி

இந்தக் கொப்பியை எப்போதாவது யாராவது திறந்தால் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரிகள் கோட்டுக்கு மேலே ஏறுகின்றன, பிறகு வழுக்கிக் கீழே இறங்குகின்றன. மண்வெட்டி பிடித்த கைக்குப் பென்சில் மிகவும் மெல்லியது. இரண்டை முறித்துவிட்டேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. போன ஆவணியில்தான் எங்கள் ஊர் சரவணையின் வாசிகசாலையில் பின்னேர வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். மனோகரி ரீச்சர் சொன்னார்: "அப்பு, கிழமைக்கு ஒருக்காவெண்டாலும் உங்கட பாட்டில எழுதுங்கோ. ஒருத்தருக்கும் காட்டத் தேவையில்லை."

என் பெயர் ஆழ்வாப்பிள்ளை. இதை எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பெயர்தான்.

18-2-74, திங்கள்

எதை எழுதுவது? புகையிலைத் தோட்டத்தைப் பற்றி எழுதலாம், ஆனால் அது வேலை. தூண்டில் சந்தோஷம். ஆகவே தூண்டில்.

எனக்குத் தூண்டில் பழக்கியவர் தம்பையர். வீதி இலாகாவில் வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்து இளைப்பாறியவர். கடலுக்கு நடுவே போகும் பண்ணை வீதியில் எந்த மதகை எந்த வருஷம் திருத்தினது என்று கேட்டால் நித்திரையிலும் சொல்லுவார். முந்தி இருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் ஊருக்குப் போகும்போது றீல் பூட்டிய இரண்டு தூண்டில் தடிகளை இவரிடம் விட்டுப் போனாராம். ஒன்று அவருக்கு, மற்றது இப்போது எனக்கு. கிழமைக்கு இரண்டு நாள் சைக்கிளில் அல்லைப்பிட்டிப் பக்கம் போய் மதகடியில் குந்துவோம். நீர் ஏறும்போது மீனும் ஏறும்.

தம்பையர் நாற்பது வருஷமாக மீன் மச்சம் தின்னாதவர். அவரோடு வருவதென்றால் ஒரு நிபந்தனை. பிடித்ததைத் திருப்பி விட வேண்டும். அதுவும் சும்மா விடமாட்டார். உலர்ந்த துவாய்த் துண்டால் மீனைச் சுற்றிப் பிடித்து, வழுவழுப்புப் போகத் துடைப்பார். "அப்பத்தான் ஐசே, மருந்து ஒட்டும்." மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்து ஒரு தகரப் பேணியில் வைத்திருப்பார். தூண்டில் முள் குத்திய வாயில் அதைச் சின்னவிரலால் தடவி, ஆற வைத்து, பிறகுதான் தண்ணீரில் இறக்குவார்.

"போட்டு வாரும்" என்று மீனுக்குச் சொல்லுவார். என்னையும் 'நீர்' என்கிறவர், மீனையும் 'நீர்' என்கிறவர்.

22-2-74, வெள்ளி

வெள்ளிக்கிழமை, மரக்கறி. முருங்கையிலை வறுக்கும்போது என் மனுசி சீதேவி கேட்டாள்.

"கொல்லாமல் விடுறது தருமமோ?"

"ஓம்."

"அப்ப பிடியாமல் விடுறது அதைவிடப் பெரிய தருமமெல்லோ? வீட்டில இருந்தே செய்யலாம். சைக்கிள் ரயரும் தேயாது."

தம்பையரிடம் கேட்டு வந்து சொல்லலாம் என்று இருக்கிறேன்.

23-2-74, சனி

கேட்டேன். "பெண்டுகளுக்கு விளையாட்டின்ர அருமை விளங்காது" என்றார். அதைச் சீதேவியிடம் சொல்லவில்லை. எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் உயிரோடிருக்க ஆசை.

2-3-74, சனி

கொடுவா மீன்! என் முழங்கை அளவு, இல்லை, அதைவிட நீளம்!

முதலில் நூலில் ஒரு தட்டல். யாரோ கதவில் விரலால் தட்டுவது போல. பிறகு தடி வில்லாய் வளைந்தது. நான் எழும்பி, வழுக்கி, இருந்து, திரும்பி எழும்பினேன். தம்பையர், "விடும், விடும், நூலை விடும், இப்ப இழும்!" என்று மதகுக் கட்டின் மேல் நின்று துள்ளினார். எழுபது வயது ஆள். கரைக்கு வந்தபோது அதன் கண் சிவப்புக் கல் மாதிரி மின்னியது. துடைத்து, பூசி, ஆற வைத்து விட்டோம். ஒருபக்கமாகச் சரிந்து போயிற்று. "களைப்பு" என்றார் தம்பையர்.

வீட்டில் வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். சீதேவி என் கைக்கு நடுவே இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். பேக்கரியில் பாண் இல்லை, கூப்பன் அரிசி பாதிக் கிழமைக்கும் காணாது, மூன்றாம் நாளாக மரவள்ளிக்கிழங்கு. "அந்த இடத்தை என்னெண்டு கறி வைக்கிறது?" என்றாள்.

அவள் கேட்டது ஞாயந்தான். ஆனால் அந்தத் தட்டல் — அதை எப்படி எழுதுவது?

9-3-74, சனி

மழைக்குணம். போகவில்லை. கை வழக்கத்துக்கு வருகிறது. இந்த வரியில் ஒரு பிழையும் இல்லை என்று நினைக்கிறேன்.

18-3-74, திங்கள்

மீன்காரி மாக்கிறேற் வேலிப் படலையில் வந்து ஓலைக் கடகத்தை இறக்கினாள். அல்லைப்பிட்டிக்காரி. பத்து வருஷமாக எங்களுக்கு மீன் தருகிறவள். கடகம் நிறைய ஓராவும் விளைமீனும். இந்த வெய்யிலில் பதினொரு மணிக்கும் அது நிறைந்திருக்கக் கூடாது.

"அக்கா, நீங்களாவது எடுங்கோ. தபசு காலத்தில இறைச்சி இல்லாதபடியால் எங்கட வேதக்காரச் சனம் கூட மீன் எடுக்கிறது. இந்த முறை ஒருத்தரும் கிட்ட வருகினமில்லை."

"ஏனடி?"

"மஞ்சள் வாய் நோயாம். என்ர மனுசன்ர வலையில ஏழு மீன், வாயெல்லாம் மஞ்சளாய், செத்ததும் பாதி செத்ததுமாய்க் கிடந்தது. அதில ரெண்டை அந்த ஊர்க்கதை காவுற சின்னத்தங்கம் கண்டிட்டாள். அவளுக்குத் தெரிஞ்சால் காணாதே? சரவணை, வேலணை முழுக்கக் கதை."

சீதேவியும் மீனின் வாயைத் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, இன்றைக்கு வேண்டாம் என்றாள். மாக்கிறேற் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள்.

நான் கதிரையில் இருந்தேன். எல்லாம் விளங்கிவிட்டது.

சொல்லவில்லை.

19-3-74, செவ்வாய்

ஏன் சொல்லவில்லை? வெட்கம். தம்பையரின் வெட்கம் பாதி, என்னுடையது பாதி. அதோடு, சொன்னால் தூண்டில் போய்விடும் என்ற பயம். உள்ளதை எழுதினால் இதுதான். எழுதின பிறகு வாசிக்க வடிவாயில்லை.

20-3-74, புதன்

தம்பையர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"விசர்க் கதை. அது ஏதோ நோய்தான். நான் இருபத்திரண்டு வருஷமாய் மருந்து பூசி விடுறனான். ஒரு மீன் வந்து முறைப்பாடு சொன்னதோ?"

"மீன் எப்பிடி அண்ணை வந்து சொல்லும்?"

எழும்பி உள்ளே போனார். தேத்தண்ணி வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

நான் நேரே மாக்கிறேற்றிடம் போனேன். படலைக்கு வெளியே நின்று முழுக்கச் சொன்னேன். அவள் முதலில் என்னை உற்றுப் பார்த்தாள். "மீனுக்கு மஞ்சளோ?" பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடிய அழுகை வந்தது. "அண்ணை, உங்கட தருமத்தால பத்து நாளாய் என்ர வீட்டில உலை வைக்க ஒண்டுமில்லை."

23-3-74, சனி

இன்று மாக்கிறேற் தன் புருசனின் மீன் கூடுகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு மதகடிக்கே வந்துவிட்டாள். கம்புக் கூடு, மீன் உள்ளே போனால் வெளியே வராது. தம்பையர் மறுபக்கம் திரும்பி நின்றார்.

"ஓவசியர் ஐயா, கதைச்சு வேலையில்லை. இண்டைக்குப் பிடிக்கிறதில பாதிக்கு உங்கட வைத்தியத்தைச் செய்து இந்தக் கூட்டில விடுங்கோ. மற்றப் பாதியை அண்ணை ஈரக் கையால கழட்டி, வெளியில வைச்சிருக்காமல், மற்றதில விடட்டும். நாளைக்குப் பூசை முடிஞ்சு வாறன். பாப்பம்."

"எனக்கென்ன பயம்?" என்றார் தம்பையர்.

ஆறு விளைமீன். மூன்றுக்கு மூன்று. கூடுகளை மதகுக் கல்லில் கட்டி இறக்கினோம். எது சாக வேண்டும், எது பிழைக்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

24-3-74, ஞாயிறு

மஞ்சள் கூட்டில் மூன்றும் செத்து மேலே கிடந்தன. துடைத்த இடமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. மாக்கிறேற்றின் புருசன் சொன்னான், மீனுக்கு அந்த வழுவழுப்புத்தான் தோலாம். அதைத் துடைத்தால் உரித்த மாதிரி.

மற்றதில் இரண்டு உயிரோடு விர் விர் என்று சுற்றின. ஒன்று செத்திருந்தது. அது முள்ளை விழுங்கின மீன், நான் இழுத்துக் கழற்றினது. ஆக, நானும் தப்பவில்லை.

தம்பையர் மதகுக் கட்டின் மேல் குந்திவிட்டார். பிறகு மெதுவாக, "இருபத்திரண்டு வருஷம், ஆழ்வாப்பிள்ளை. எத்தினை இருக்கும்?" என்றார்.

நான் கணக்குப் பார்க்கவில்லை. அவரும் பார்க்கக் கூடாது என்று அவருடைய சைக்கிளை எடுத்துக் கொடுத்தேன்.

30-3-74, சனி

தம்பையர் வரவில்லை. நானும் தடியைத் தொடவில்லை.

வாசிகசாலையில், கோயிலடியில், தேத்தண்ணிக் கடையில் எல்லாம் சொன்னேன்: அது நோய் இல்லை, மஞ்சள். யார் நம்புவார்கள்? "ஓவசியர் மீனுக்கு மருந்து கட்டினவரோ? அப்பு, படிக்கத் தொடங்கினாப் பிறகு நல்லாய்க் கதை விடுறியள்." எனக்கே சிரிப்பு வந்தது. நானே கேட்டிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

மாக்கிறேற்றின் கடகம் இன்னும் நிறைந்தபடியே திரும்பிப் போகிறது.

6-4-74, சனி

திரும்பவும் தம்பையர் வீடு.

"அண்ணை, நான் சொன்னால் எடுபடுதில்லை. நீங்கள் வந்து சொல்ல வேணும்."

"ஊர் சிரிக்கும்."

"ஓம், சிரிக்கும்."

"நீர் ஆறுதலாய் ஏதும் சொல்லுவீர் எண்டு பாத்தன்."

"அவளின்ர வீட்டில அடுப்பு எரியேல்லை, அண்ணை."

எழும்பி உள்ளே போனார். ஆனால் இந்த முறை தேத்தண்ணி வந்தது.

13-4-74, சனி

இதை முழுக்க எழுத வேண்டும், கை கழன்றாலும் பரவாயில்லை.

நாளைக்கு வேதக்காரருக்கு உயிர்த்த ஞாயிறு, எங்களுக்கும் வருஷப்பிறப்பு வந்துவிட்டது. வேலணைச் சந்தையில் கால் வைக்க இடமில்லை. எல்லாக் கடகத்தடியிலும் சனம், மாக்கிறேற்றின் கடகத்தடியில் இலையான்தான் மொய்த்தது. பத்து மணிக்குத் தம்பையர் வந்தார். வெள்ளை வேட்டி, மடித்த சால்வை. ஒரு கையில் துவாய், மற்றக் கையில் அந்தப் பேணி. மீன் பக்கம் அவர் வந்ததை ஒருவரும் கண்டதில்லை. ஆகவே சந்தையே திரும்பிப் பார்த்தது.

தம்பையர் நேரே மாக்கிறேற்றிடம் வந்தார். கடகத்திலிருந்து ஒரு விளைமீனை எடுத்தார். துவாயால் துடைத்தார். சின்னவிரலால் வாயில் மஞ்சளைப் பூசினார். பிறகு அதை உயர்த்திப் பிடித்தார். "இதுதான் நோய். வைத்தியர் நான்" என்றார்.

பிறகு சிரிப்பு! வாழைக்காய் விற்கிறவர்கள், புகையிலை விற்கிறவர்கள், எல்லாரும். ஒருவன் கத்தினான்: "ஐயா, தூளும் உப்பும் போட்டிருந்தால் பொரிச்சே விட்டிருக்கலாம்!" தம்பையர் தலையைக் குனியவில்லை. மீனைப் பிடித்தபடியே நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். வேறென்ன செய்வது?

அப்போது சின்னத்தங்கம் இடித்துக்கொண்டு முன்னே வந்தாள், கதையைப் பரப்பின அதே சின்னத்தங்கம். மீனை அவர் கையிலிருந்து வாங்கி முகர்ந்தாள்.

"நல்ல வீட்டு மஞ்சள். இதையே தா, மாக்கிறேற். எனக்கு மஞ்சள் போட்டுக் கழுவுற வேலை மிச்சம்."

அரை மணித்தியாலத்தில் கடகம் காலி. "இனி எனக்கு நீங்களே பூசித் தாங்கோ ஐயா, விக்கும்" என்றாள் மாக்கிறேற். அப்போதுதான் தம்பையரும் சிரித்தார்.

27-4-74, சனி

மதகடிக்குத் திரும்பவும் போனோம். தம்பையர் தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்கிற எதிர்க்கூரை அரத்தால் தேய்த்துவிட்டார். சுலபமாய்க் கழன்று வருகிறது. நீருக்குள் வைத்தே கழற்றுகிறோம். பாதி மீன் நாங்கள் தொட முன்னமே தப்பிப் போகிறது. போகட்டும். தட்டல் அதே தட்டல்தான்.

சீதேவியின் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் இல்லை. பதில் இல்லாமலே போகிறேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

11-5-74, சனி

இன்று தம்பையருக்கு ஒரு கொடுவா. முள்ளை வயிறு வரைக்கும் விழுங்கியிருந்தது. செவுளில் இரத்தம். "இது பிழைக்குமோ?" என்று கேட்டார். "பிழைக்காது அண்ணை" என்றேன். மாக்கிறேற்றின் புருசன் காட்டித் தந்த மாதிரிச் செய்ய நான் பொல்லை எடுத்தேன். "தாரும். பிடிச்சது நான்" என்று வாங்கினார். கண்ணை மூடாமல், தலையில் ஒரே அடி. பிறகு கடல் தண்ணீரில் நெடுநேரம் கை கழுவினார்.

அதைத் தானே வாழையிலையில் சுற்றி, சைக்கிள் கரியரில் வைத்து, எங்கள் குசினி வாசல் வரைக்கும் கொண்டுவந்தார். "தங்கச்சி, நல்லாய்ப் புளி விட்டுச் சமையுங்கோ. வீணாய்ப் போகக் கூடாது." சீதேவி இரண்டு கையாலும் வாங்கினாள். பகிடி ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அவர் முற்றத்தில், வெறும் தேத்தண்ணியோடு, அடுப்பு வாசம் காற்றில் வராத பக்கமாய்க் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கிறார். போகச் சொன்னால் போகிறார் இல்லை. சாப்பிட்டு முடிந்ததும் ருசியா இல்லையா என்று தனக்குச் சொல்ல வேண்டுமாம். கறி இறக்கியாயிற்று, சீதேவி கூப்பிடுகிறாள். நான் என்ன சொன்னேன், அவர் முகம் எப்படியிருந்தது என்பதை வருகிற சனிக்கிழமை இருந்து எழுதுகிறேன்.