ஊசிக்கு நூல் கோத்தவள்

அன்பு மகளுக்கு,

நான் சுகம். மாப்பிள்ளையின் இருமல் தணிந்ததா?

பாலியல் தொழிலை விட்டு எங்கள் மறுவாழ்வு இல்லத்துக்கு வந்து, என்னிடம் தையல் கற்றவளை உன் தோழியின் கடையில் சேர்த்தோமே, போன வாரம் திரும்பி வந்துவிட்டாள்.

“‘குடும்பப் பொம்பளைங்க வர்ற கடை, நீ வேணாம்’னு கடைக்காரம்மா சொல்லிட்டாங்க. என் கதையை அவங்ககிட்ட யாரும்மா சொன்னது?” என்று கேட்டாள்.

நான் உன் ஒருத்தியிடம்தான், அதுவும் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன். ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். இது ஊர்வாய் அல்ல, உன் வாய். பெற்ற மகளைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல், நானே உளறிவிட்டதாகச் சொன்னேன். அன்றிலிருந்து என்னை மேடம் என்கிறாள்.

உன் வீட்டு அலமாரியில் இருக்கும் என் மூக்குக்கண்ணாடியை உடனே அனுப்பு. ஊசியில் நூல் கோத்துத் தர அவள் இப்போது வருவதில்லை.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

அம்மா