ஏழு பிழை செய்த டூலன்

மார்ச் 7, 1986, வெள்ளி

தவக்காலம் வந்தால் வெள்ளிக்கிழமைகளில் இந்த ஊர் முழுக்க இறைச்சியை விட்டு மீன் தின்கிறது. கடை மூடும்வரை பாத்திரத் தொட்டியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. விரலெல்லாம் சுருங்கிப்போயிருக்கிறது.

பல் டாக்டர் மார்ட்டின் எல்வுட் மறுபடி வந்தார். அடுத்த ஊரில் பல் பிடுங்குகிறார். விடுமுறை நாட்களில், நூறு வருடம் முன்பு சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடி, பிறகு யாருக்கும் தெரியாமல் போனவர்களைத் தேடுகிறார். எங்கள் மதுக்கடைச் சுவரில் மாட்டியிருக்கும் பீட்டர் டூலன் படத்துக்குக் கீழேதான் எப்போதும் உட்காருவார். பரிமாறும் சன்னல் வழியாக அவர் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்கும்.

"போன வாரம் ஒருத்தரைக் கொன்னுட்டேன் பெர்னி. ரொம்ப வருஷமா தப்பிச்சுக்கிட்டிருந்தார்."

சமையல்கார ஸ்டாஷ் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

செத்த தேதி தெரியாத ஆட்டக்காரர்கள், இப்படித் தேடுகிறவர்கள் கணக்கில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்களாம். நூற்றிருபது, நூற்றுமுப்பது வயதில். தேதி கிடைத்ததும் ஆட்டக் கணக்குப் புத்தகத்தில் எழுதி ஆளைக் 'கொன்று'விடுவார்கள். முதலாளியம்மா பெர்னி டூலன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

இந்த ஊருக்குப் பெரிய லீக்கில், நாட்டின் முதல்தரப் போட்டியில், ஓர் அணி இருந்தது ஒரே ஒரு கோடை, 1884. அதில் ஓர் ஆட்டத்தில் மட்டும் டூலன் என்று ஒருவர் ஆடியிருக்கிறார். முதல் பெயர் இல்லை. பிறப்பு இல்லை, இறப்பு இல்லை. நான்கு முறை மட்டை பிடித்தார். அடி ஒன்றும் இல்லை. பிடிப்பதிலும் எறிவதிலும் பிழை ஏழு.

"அடுப்பு ஆலையில ஆடின ஆளுன்னு தெரியும். அங்க அப்போ ரெண்டு டூலன் வேலை பார்த்திருக்காங்க. ஒருத்தர் உங்க தாத்தா. இன்னொருத்தர் கார்னீலியஸ்."

"ஆத்தங்கரைத் தெரு டூலனா? அவங்க எங்களுக்கு ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ஆடினது எங்க தாத்தாதான்யா. இந்த இடத்துல நின்னு அவரே வாய் வலிக்கச் சொன்ன கதை. எழுதிக்கோ, பீட்டர்!"

புத்தகத்தின் புதுப் பதிப்புக்கு ஏப்ரல் முடிவதற்குள் பெயரைக் கொடுக்க வேண்டுமாம். டாக்டர் தலையாட்டினார்.

மார்ச் 8

ஏழு பிழை. ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க. அதற்கு மறுநாள் காலையில் அவர் எப்படித் தெருவில் இறங்கி நடந்தார்?

நானாக இருந்திருந்தால் வீட்டைவிட்டு வெளியே வந்திருக்க மாட்டேன். ஒரே ஒரு பிழைக்கே நான் வெளியே வந்ததில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கடை விடுமுறை. நூலகத்துக்குப் போனேன். பழைய செய்தித்தாள் படச்சுருள் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி நீட்டினேன். அங்கே வாயைத் திறக்காமலே எல்லாம் நடக்கும், அதனால் பிடிக்கும்.

கைப்பிடியைச் சுற்றச் சுற்ற வெள்ளைத் திரையில் 1884 ஓடியது. குதிரை விற்பனை, காலரா மருந்து, தொலைந்துபோன நாய். திடீரென்று அந்த ஆட்டம் வந்து நின்றது.

அணியின் கேட்சருக்குக் கட்டைவிரல் பெயர்ந்துவிட்டது. மட்டைக்காரருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்க வேறு ஆள் இல்லை. பார்வையாளர் கூட்டத்திலிருந்து டூலன் என்னும் அடுப்பு ஆலைத் தொழிலாளி வேலி தாண்டி இறங்கினார், வெறுங்கையோடு. நான்காம் இன்னிங்ஸில் பந்து அவருடைய வலக்கை நடுவிரலைப் பிளந்தது. அணித்தலைவர் வெளியே போகச் சொன்னார். 'டூலன் மறுத்துவிட்டு, சட்டைக் கையைக் கிழித்து விரலைக் கட்டிக்கொண்டார்' என்று எழுதியிருக்கிறது. ஆட்டம் முடியும் ஒன்பதாம் இன்னிங்ஸ் வரை நின்றிருக்கிறார்.

அந்தக் காலத்தில் காயம் பட்டால் மட்டுமே ஆளை மாற்றலாமாம். அவருக்குக் காயம் இருந்ததே. எல்லாரும் ஒப்புக்கொள்ளும் காரணம், கையில் ரத்தமாக வழிந்துகொண்டிருக்கிறது. போயிருக்கலாம். ஏன் போகவில்லை?

ஏழு பிழையில் ஐந்து அவர் கையைத் தாண்டிப்போன பந்துகள். அதையும் அப்போது பிழை என்றே எண்ணினார்கள். ஐந்துமே நான்காம் இன்னிங்ஸுக்குப் பிறகு.

படம் அணைந்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மார்ச் 12

கடையின் பின்சந்தில் ஸ்டாஷிடம் பந்து வீசச் சொன்னேன். கடையில் அவரிடம் மட்டும் எனக்கு நாலு சொல் வரும். கையுறை வேண்டாம் என்றேன்.

"பைத்தியமா பிள்ள? அப்புறம் தட்டு யார் கழுவுவா, உங்க பாதிரியாரா?"

மூன்று பந்து. இரண்டாவதிலேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்றாவது கையிலிருந்து தெறித்துக் குப்பைத் தொட்டிக்குள் போனது.

"மெதுவாத்தான் போட்டேன்! பால் குடிக்கிற பூனைக்குட்டிகூட புடிச்சிருக்கும்!"

உள்ளங்கை சிவந்து வீங்கியிருக்கிறது. பேனாவைப் பிடிக்கும்போது வலிக்கிறது. இது ஸ்டாஷ், வயது அறுபது, சிரித்துக்கொண்டே போட்டது. அந்த ஆட்டத்தில் வீசியவன் பந்தை 'பீரங்கிக் குண்டு' என்று பத்திரிகை எழுதியிருந்தது.

மார்ச் 15

மறுபடி நூலகம். ஆட்டம் முடிந்த மூன்றாம் நாள் செய்தித்தாளில், பக்கத்தின் அடியில் இரண்டே வரி. டூலனின் விரல் தேறாததால் டாக்டர் ஹேல் அதை முதல் கணுவோடு வெட்டி எடுத்தார்.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் கடையில் தூசி தட்டினேன். பீட்டர் டூலன் படத்தைக் கீழே இறக்கிக் கண்ணாடியைத் துடைத்தேன். தினமும் பார்க்கிற படம்தான். கடை திறந்த அன்று எடுத்தது, பெயர்ப்பலகையில் 1891 என்று இருக்கிறது. பீட்டர் பீப்பாய் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

பத்து விரல்.

வலக்கை நடுவிரல் நுனியில் நகம்கூடத் தெரிகிறது.

ஐயோ. நான் எதுக்கு இதைப் பார்த்தேன்? தொடச்சமா மாட்டினமான்னு போயிருக்கக் கூடாதா?

மார்ச் 17

புனித பேட்ரிக் நாள். கடை நிரம்பி வழிந்து வாசல்வரை ஆட்கள். பெர்னி நாற்காலிமேல் ஏறி நின்று பீட்டர் பெயர் போட்ட பீர்க் குவளையைத் தூக்கினார். "இந்த ஊர்லேருந்து பெரிய லீக்ல ஆடின ஒரே டூலனுக்கு!" எல்லாரும் கத்தினார்கள். நானும் தட்டைத் தூக்கிக் காட்டினேன்.

பள்ளியை விட்ட பிறகு எட்டு இடத்தில் வேலை கேட்டு அம்மா அழைத்துக்கொண்டு போனாள். எங்கேயும் என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பெர்னி மட்டும்தான், "பேச வராட்டி என்ன, தட்டு கழுவ வாய் எதுக்கு?" என்று சேர்த்துக்கொண்டார். அவரிடம் போய் இதை நான் எப்படிச் சொல்வேன்?

மார்ச் 21

டாக்டர் சன்னலில் எட்டிப் பார்த்து, "மீன் பிரமாதம்னு ஸ்டாஷ்கிட்ட சொல்லு ரோனி" என்றார். பீட்டர் பெயரை அடுத்த மாதம் அனுப்பப் போகிறாராம். கார்னீலியஸைப் பற்றி ஒரு துரும்புகூடக் கிடைக்கவில்லையாம்.

சொல்லவில்லை. அவர் தட்டை வாங்கித் தொட்டியில் போட்டேன்.

மார்ச் 25

கார்னீலியஸ் டூலன் 1938இல் செத்திருக்கிறார். பழைய செய்தித்தாளில் சின்ன அறிவிப்பு. அடுப்பு ஆலையில் நாற்பது வருடத்துக்குமேல் வேலை. மனைவி முன்பே போய்விட்டாள். ஒரே மகள் வினிஃப்ரெட், தொலைபேசி நிலையத்தில் வேலை. பேஸ்பால் என்ற சொல்லே இல்லை.

தொலைபேசிப் புத்தகத்தில் பார்த்தேன். வி. டூலன், ஆற்றங்கரைத் தெரு. இன்னும் இருக்கிறார்!

அந்த வீட்டு வாசல்வரை போனேன். சன்னலில் விளக்கு எரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 28, பெரிய வெள்ளி

சொல்லிவிட்டேன். சொல்லவில்லை. காட்டிவிட்டேன்.

மாலைக் கூட்டம் வருவதற்கு முன்னால் பெர்னி படத்துக்குக் கீழே துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். "என்னடி?" என்றார். வாய் திறக்கவில்லை. அவர் கையைப் பிடித்து, ஆட்காட்டி விரலைக் கண்ணாடிமேல் வைத்து, பீட்டருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தொடவைத்தேன். பிறகு நூலகத்தில் நகலெடுத்த இரண்டு தாளையும், கார்னீலியஸின் மரண அறிவிப்பையும் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தார். உள்ளே எண்ணெய் புகைய ஆரம்பித்தது. ஸ்டாஷ் கத்தினார். பெர்னி அசையவே இல்லை.

"எத்தனை நாளா தெரியும்?"

விரலைக் காட்டினேன். பன்னிரண்டுக்கு விரல் போதவில்லை.

"நான் நாற்காலிமேல ஏறி நின்னு கத்தினேனே, அப்பவும் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"போய்த் தட்டைக் கழுவு. என் கண்ணு முன்னாடி நிக்காத."

வேலை போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 30

ஈஸ்டர். கடையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் வாசலில் கார் ஒலி. பெர்னி, தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு.

"ஏறுடி. அந்த இன்னொரு டூலன் வீட்டுப் பொண்ணு எங்க இருக்கா, காட்டு."

வழியில் ஒரே பேச்சு. "படத்துல இருக்கிறது எங்க தாத்தா கைதான், சந்தேகமே இல்ல. கை நோகும்னு பாட்டில் மூடியைக்கூடப் பொண்டாட்டிகிட்ட குடுத்துத்தான் திறப்பாராம். அவரா வெறுங்கையால பந்து பிடிச்சிருப்பார்? அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்." சிறிது தூரம் போனதும், "நீ நேரா வாயைத் திறந்து சொல்லியிருந்தா அன்னிக்கே உன்னைத் துரத்தியிருப்பேன். நல்ல வேளை" என்றார்.

கதவை அவர்தான் தட்டினார்.

வினிஃப்ரெட் டூலனுக்கு எண்பத்திரண்டு வயது. நிமிர்ந்த முதுகு. கண் மங்கிவிட்டது. குரல் மட்டும் இன்னும் தொலைபேசி நிலையத்துக் குரல். பெர்னி விஷயத்தைச் சொன்னார்.

"பேஸ்பாலா? எங்கப்பாவா? வேற யாரோ."

"விரல்..." என்றேன். நான்தான்.

"நடு விரலா? ஆமா, அரைதான் இருந்துச்சு. ஆலையில போயிருக்கும்னு நினைச்சேன். அம்மா கேலி பண்ணுவா, முக்கால் ஆளைத்தான் கட்டிக்கிட்டேன்னு." சற்று யோசித்தார். "டாக்டர் ஹேல் வெட்டினாராம். காசு வாங்கலையாம். 'நானும் அங்கதான் இருந்தேன், பார்த்தேன். உன்கிட்ட வாங்க மாட்டேன்'னாராம். டாக்டர் எதைப் பார்த்தாருப்பான்னு கேட்டா எங்கப்பா பேச்சை மாத்திடுவார்."

பெர்னி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

"உங்கப்பா எங்க கடைக்கு வருவாரா?" பெர்னி கேட்டார்.

"பீட்டர் கடைக்கா? வெள்ளிக்கிழமை தவறாது."

"வந்து?"

"பீட்டர் ஏதோ பழைய ஆட்டக் கதை சொல்லுவாராம். அப்பா சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வருவார். அதே கதையை எத்தனை தடவைப்பா கேப்பீங்கன்னா, 'பீட்டர் நல்லா சொல்றான், அவன் கதையில ஒரு பிழைகூட இல்ல'ன்னுவார்."

பெர்னி முகத்தை மூடிக்கொண்டார். முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு உண்மையிலேயே அழுதார்.

எத்தனை வெள்ளிக்கிழமைகள்! நான் தட்டு கழுவுகிற அதே கடையில், அரை விரலால் குவளையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தன் ஆட்டத்தை இன்னொருவர் ஆடியதாகச் சொல்லக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த விரலைக் கொஞ்சம் நீட்டிக் காட்டியிருந்தால் போதும்.

நாங்கள் கிளம்பும்போது, "எத்தனை பிழைன்னீங்க? ஏழா?" என்று கேட்டார் வினிஃப்ரெட். "எங்க வீட்டுக்குப் பின்னாடி ஆப்பிள் மரம். நான் மேலேருந்து பறிச்சுப் போடுவேன், பார்க்காமகூடப் போடுவேன். அவர் கையிலேருந்து ஒண்ணு கீழ விழுந்து நான் பார்த்ததில்ல."

ஏப்ரல் 4, வெள்ளி

டாக்டர் உள்ளே நுழைந்ததும் பெர்னி கடை முழுக்கக் கேட்கக் கத்தினார். "பல் டாக்டரே! இங்க ஒண்ணு ஆடுது, பிடுங்கிட்டுப் போ. பீட்டர்னு பேரு."

அவருக்குப் புரியவில்லை. பெர்னி என்னை இழுத்துவந்து நிறுத்தினார். தாள்களை நீட்டினேன். அவர் படித்தார். நாற்காலிமேல் ஏறி, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து பீட்டரின் கையைப் பார்த்தார். இறங்கினார்.

"எத்தனை தடவை இதுக்குக் கீழ உக்காந்து மீன் சாப்பிட்டேன்..." என்று மட்டும் சொன்னார். பிறகு தன் குறிப்பு அட்டையில் பீட்டர் பெயரை அடித்துவிட்டு, கார்னீலியஸ் என்று எழுதினார். எழுத்து சரிதானா என்று என்னைக் கேட்டார்.

பீட்டர் படம் சுவரிலேயே இருக்கிறது. "பீர் வித்தாரே, அது பொய்யில்லையே?" என்கிறார் பெர்னி.

ஏப்ரல் 8, செவ்வாய்

வினிஃப்ரெட் சொல்லியனுப்பியிருந்தார். செய்தித்தாள் நகலில் எழுத்து சின்னதாம், கண் தெரியவில்லையாம், ஆட்டம் முழுவதையும் யாராவது படித்துக் காட்ட வேண்டுமாம். பெர்னிக்குக் கடைக் கணக்குப் பார்க்கிற வேலை. "நீ போ" என்றார்.

கதவைத் தட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பள்ளியில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள் என்றுதான் நான் பள்ளியை விட்டேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அவர் தண்ணீர்கூடத் தரவில்லை. காத்திருந்தார். மறுபடி ஆரம்பித்தேன். தடுக்கினேன், விட்ட இடத்திலிருந்து படித்தேன். வேலி தாண்டி இறங்கினார். விரல் பிளந்தது. மறுத்துவிட்டு, சட்டைக் கையைக் கிழித்து...

பிழைகளையும் படித்தேன், ஒன்றையும் விடாமல்.

முடித்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

"நாலாவது இன்னிங்ஸ்லேருந்து இன்னொரு தடவை படி," என்றார். "கொஞ்சம் சத்தமா."

படித்தேன்.