கழுத்தில் பாரம் கேட்கும் வண்டி

என்னைப் பெற்ற ஆத்தாவுக்கு,

நம் கிணற்றில் இன்ஜின் ஓடுகிறது. நீ இருக்கிற இடத்துக்கு அந்தச் சத்தம் எட்டுகிறதா? ஆனையூர்க் கண்மாய்க்கு அந்தப் பக்கம் வரை கேட்கிறது என்கிறார்கள். உன் தம்பி மாயாண்டி மாமாவுக்குக் காது அடைத்தே போய்விட்டது. ஆனாலும் அதன் பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார். இப்போதெல்லாம் அவர் ரகசியம் பேசினாலும் ஊருக்கே கேட்கிறது.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும் இல்லையா? நீ நட்ட மிளகாய் பூ எடுக்கும் நேரத்தில் மழை கைவிட்டது. கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. கமலை இறைத்து மாடுகள் நுரை தள்ளியதுதான் மிச்சம், கடைசி வாய்க்கால் வரை ஈரம் போகவில்லை. செடி காலையில் நிமிரும், மத்தியானம் தொங்கும்.

"மாட்ட வித்துப்புட்டு இன்ஜின் வாங்குவோம்" என்று சொன்னது உன் மருமகள் பேச்சிதான். எனக்குப் பயம். பிறந்ததிலிருந்து ஊரார் நிலத்தில் வேலை செய்து, அதன் பிறகு நீ வாங்கிய நிலம் அது. மாட்டைக் கொடுத்துவிட்டு, இன்ஜின் வரும் வழியில் உடைந்தால் என்ன கதி? இறைக்க மாடும் இருக்காது, பறிக்க மிளகாயும் இருக்காது. இருந்தாலும் விற்றோம். மாட்டைப் பிடித்துக்கொண்டு போனபோது பேச்சி வீட்டுக்குள் போய் அழுதாள். யோசனை சொன்னவளே அழுகிறாளே என்று எனக்கு இன்னும் பயம் வந்தது.

இன்ஜின் மதுரை ஸ்டேஷனில் வந்து இறங்கியது. கொண்டுவர நம்மிடம் இருந்தது என் பிக்கப் ஒன்றுதான். யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பிய கையோடு நான் அதை வாங்கியபோது, "என்னடா இது, பின்னாடி பாதிய எவனும் களவாண்டுட்டானா?" என்று கேட்டாயே, அதே வண்டிதான். உண்மையில் பின்தட்டு குட்டைதான். இன்ஜினைத் தூக்கி வைத்தால் பம்புக்கு இடமில்லை, குழாய்களுக்கோ பேச்சே இல்லை. அதனால் பட்டாளத்தார் கழித்துப் போட்ட இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றை வாங்கினேன். பிக்கப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற வண்டி. அதை எதில் மாட்டுவது என்பதில்தான் பஞ்சாயத்து ஆரம்பித்தது.

மாமா வடக்கயிறு போதும் என்றார். சிம்மக்கல்லில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி, பின் பம்பரில் ஒரு வளையத்தை வைத்து முடுக்கித் தருகிறேன் என்றார். நான் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. கயிறு இழுக்கும், பிரேக் போட்டால் நிறுத்துமா? பின்னால் வருகிற பாரம் நம் முதுகில் ஏறிவிடும். பம்பர் வெறும் தகரம், அழகுக்கு இருப்பது. பாரத்தை இழுக்கும் கொக்கி, வண்டியின் உயிரான அடிச்சட்டத்தில் நிற்க வேண்டும்.

கடைசியில், கழித்துப் போட்ட சாமான்களைக் கிளறிப் பட்டாளத்து லாரிக் கொக்கி ஒன்றை எடுத்தேன். டிரெய்லர் முனையில் இருக்கும் வளையத்தைக் கவ்வியதும் மேல்வாய் மூடிக்கொள்ளும், அது திறக்காமலிருக்க ஓர் ஆணி. ஆசாரி அடிச்சட்டத்தின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கனமான இரும்பு ஒன்றைக் குறுக்கே போட்டு, அதில் கொக்கியை முடுக்கினார். டிரெய்லர் மூக்கைத் தூக்காமல் தரைக்குச் சமமாக நிற்கும்படி உயரத்தையும் இறக்கினார்.

நம் வண்டியோ குட்டை. டிரெய்லர் நெருங்கி வந்தால் திருப்பத்தில் அதன் மூலை பிக்கப்பில் இடிக்கும். அதற்காக டிரெய்லரின் முன்னால் நீண்டு வந்து கொக்கியில் மாட்டும் ஏர்க்காலையும் நீட்டச் சொன்னேன். அதன் அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினோம். கொக்கி விட்டாலும் ஏர்க்கால் தரையில் குத்தாது, சங்கிலி ஏந்திக்கொள்ளும். "மாட்டுக்குப் பூட்டாங்கயிறு மாதிரியாப்பா?" என்று கேட்ட ஆசாரி, அதற்குப் பிறகு என்னை ஒன்றும் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு, தானே யோசித்ததைப் போலக் காட்டிக்கொண்டிருந்தார். காட்டட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமையோடுதான் ஸ்டேஷனில் பாரம் ஏற்றினோம். ஆத்தா, இதை நீ கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். நீ மாட்டுவண்டியில் பாரம் ஏற்றினால் ஏர்க்காலை ஒற்றை விரலால் தூக்கலாம். முன்பாரம் ஆனால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் ஆனால் தொண்டை இறுகும் என்பாய். நாங்களும் அப்படியே ஏற்றினோம். இன்ஜினை நடுவில் வைத்து, பம்பையும் குழாய்களையும் பின்னால் தள்ளித் தள்ளிச் சரிபார்த்தோம்.

"ஒத்த வெரல்ல தூக்குறேன் பாரு மாப்ள! எங்கக்கா ஏத்துன பாரம் மாதிரியே நிக்கிது!" மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே டிரெய்லரில் ஏறி இன்ஜின் மேல் உட்காரப் போனார். இழுக்கிற வண்டியில் ஆள் ஏறக் கூடாது என்று இறக்கி, பிக்கப்பின் பின்தட்டில் உட்கார வைத்தேன். பேச்சி என் பக்கத்தில்.

சிம்மக்கல் நெரிசலில் ஊர்ந்துதான் போனோம், ஒன்றும் தெரியவில்லை. வைகைப் பாலத்தைத் தாண்டிய இறக்கத்தில் கொஞ்சம் வேகம் பிடித்தது. உடனே டிரெய்லர் வலப்பக்கம் ஒரு ஆட்டு, இடப்பக்கம் ஒரு ஆட்டு. ஒவ்வொரு ஆட்டுக்கும் பிக்கப்பின் பின்பக்கம் லேசாகத் தூக்கியது. என் கையில் ஸ்டியரிங் கனமில்லாமல் போயிற்று. "நிறுத்துடா! நிறுத்துடா!" என்று மாமா கூரையில் குத்துகிறார். நிறுத்த நினைத்து பிரேக்கை அழுத்தியிருந்தால் டிரெய்லர் எங்களைக் குறுக்கே மடித்துப் போட்டிருக்கும். காலை மட்டும் எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொண்டு, உன்னைத்தான் கூப்பிட்டேன். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது.

இறங்கிப் பார்த்தால் கொக்கி விடவில்லை, சங்கிலியும் அறவில்லை. இன்ஜினைக் கட்டிய கயிறு மட்டும் தளர்ந்திருந்தது. பட்டாளத்தில் லாரி ஓட்டியவன்தான், ஆனால் பின்னால் எதையும் இழுத்துப் பழக்கமில்லை. இனிமேல்தான் ஆனையூர்க் கண்மாய்க் கரை வர வேண்டும். ஒரு வண்டிதான் போகலாம், இரண்டு பக்கமும் பள்ளம். அங்கே இப்படி ஆடினால் இன்ஜினைக் கண்மாய்க்குக் காவு கொடுக்க வேண்டியதுதான்.

பேச்சி கொக்கியைக் கழற்றச் சொல்லி, ஏர்க்காலை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள். மறுபடி தூக்கினாள். "இதுக்கு ஏதுங்க கழுத்து? நோகும்னு நாம பாத்துப் பாத்து ஏத்துனோம், இது பாரமில்லாம துள்ளுது. இன்ஜின முன்னாடி நகத்துங்க" என்றாள்.

மாமா குறுக்கே வந்து நின்றார். "முன்பாரம் ஏத்தவா? எங்கக்கா இருந்தா ஒத்துக்குவாளா? அவ சொன்னத மீறுனா வெளங்குமா?"

"அத்தை என்ன பழக்கத்தையா கேட்டாக? மாடு என்ன சொல்லுதுன்னு கேட்டாக. இந்த மாடு கழுத்துல பாரம் வையின்னு கத்துது. அது ஒங்க காதுல விழலையா சித்தப்பா?"

பேச்சி சொன்னது சரிதானே ஆத்தா? எனக்குச் சரியென்று பட்டது. கடப்பாரை போட்டு நெம்பி இன்ஜினை முன்னால் நகர்த்தினோம். விரலால் தூக்கிய ஏர்க்காலை நானும் மாமாவும் மூச்சுப் பிடித்துத் தூக்கிக் கொக்கியில் மாட்ட வேண்டி வந்தது. பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கி உட்கார்ந்தது. அதிகம் அமுங்கினால் முன்சக்கரம் தரையைப் பிடிக்காது என்று பம்பை மட்டும் சற்றுப் பின்னால் விட்டோம். கயிற்றை முறுக்கிக் கட்டி, கொக்கியின் ஆணியையும் சங்கிலியையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

கண்மாய்க் கரையில் பேச்சி முன்னால் நடந்தாள். டிரெய்லர் எங்கள் பின்னால் அடங்கி வந்தது. ஒரு ஆட்டம்கூட இல்லை. மாமா பின்தட்டில் இருந்துகொண்டு, "வருது மாப்ள, ஒழுங்கா வருது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். சொன்னதை மீறியதற்கு உன்னிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார், என் காதில் விழுந்தது.

இன்ஜின் ஓடிய அன்றைக்கே தண்ணீர் கடைசி வாய்க்கால் வரை போய்விட்டது. மறுநாள் மத்தியானம் செடி தொங்கவில்லை. உச்சி வெயிலில் வரப்பில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மகனாகப் பிறந்ததற்கு அன்றைக்குப் பட்ட பெருமையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று பெரிய பண்ணைக்காரர் நம் கிணற்றடிக்கு நடந்தே வந்தார். அவரும் இன்ஜின் வாங்கிவிட்டாராம், ஸ்டேஷனில் கிடக்கிறதாம். பெரிய லாரிக்காரன் எவனும் கண்மாய்க் கரையில் வரத் துணியவில்லையாம். அவர் வீட்டுப் பாரவண்டியை எத்தனை காலம் ஓட்டினாய் ஆத்தா? அந்த வீட்டில் ஒருவராவது உன் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? "ஏ வண்டிக்காரி" என்பார்கள். எனக்குத் தெரிந்து அதுதான் அங்கே உன் பேர்.

நேற்று அவர் வரப்பில் நின்று, "ராக்கம்மா மகன் இருக்கானா?" என்று கேட்டார்.

பேச்சி இன்ஜினை நிறுத்தினாள். சத்தம் முழுக்க அடங்கும்வரை காத்திருந்தாள். "சத்தத்துல கேக்கலங்கய்யா, யாரு மகன்?" என்றாள். அவர் குரலை உயர்த்தி, பக்கத்து வயலில் களை எடுத்தவர்களெல்லாம் நிமிர்ந்து பார்க்கும்படி, "ராக்கம்மா மகன்!" என்றார். முதல் தடவையே கேட்டுவிட்டது என்று பேச்சி என்னிடம் பிறகு சொன்னாள்.

அவர் இன்ஜினையும் பழுதில்லாமல் கொண்டுவந்து சேர்ப்பேன் ஆத்தா. பாரத்தை முன்னால் வைத்து, கொக்கியைப் பூட்டி, சங்கிலியை மாட்டி, நிதானமாக. இனி இந்த வண்டியைக் கூப்பிட யார் வந்தாலும், யார் வீட்டு வண்டி என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுத்தான் கிளப்புவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
ராக்கம்மா மகன் வீரணன்