கோரைப்பல் வேண்டாமாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

புதுப் படத்துக்கு ரத்தக்காட்டேரிப் பல் செய்தேன். நான்கு நாள் ராவிய கோரைப்பல். இயக்குநரோ, "இவ்வளவு நீளமா? முத்தக் காட்சியில இடிக்கும்மா. இந்தக் காட்டேரி நல்லவன், ரத்தத்தைப் பார்த்தா அழுவான்" என்கிறார்.

எனக்கு வந்ததே கோபம். அந்தக் காலப் படங்களில் அவன் சவப்பெட்டியைத் திறந்தாலே அரங்கம் நடுங்கும். இப்போது தலைவாரிக்கொண்டு காதல் கவிதை எழுதுகிறான். கடிக்காதவன் என்ன காட்டேரி?

பல்லை அறைக்கே கொண்டுவந்துவிட்டேன். போட்டுக் காட்டத்தான் ஆளில்லை.

சின்ன வயதில் போர்வைக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சிரித்து என்னைப் பயமுறுத்துவீர்களே, அதைப் போனில் பதிந்து அனுப்புங்கள். வேலைக்காகத்தான் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சிரியுங்கள்.

வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்