ஒட்டுப் பிடித்த வயிறு

கிண்ணியா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தங்கச்சி சுஹைராவுக்கு,

உனக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ்வின் சலாமும் ரஹ்மத்தும் கிடைக்கட்டும். போனில் என்றால் நான் வேறு கதை கதைத்துவிடுவேன். அதனால்தான் எழுதி, நீ இருக்கிற டோஹாவுக்கு வரும் ஜுமானாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஒப்பரேசன் முடிந்து பன்னிரண்டு நாள். நேற்றுத் தையல் வெட்டப் போய் வந்தேன். ஆட்டோ பாலத்தில் குலுங்கிய குலுக்கலெல்லாம் வயிற்றில்தான் இடித்தது.

கர்ப்பப்பை இறக்கத்துக்கு உனக்குச் செய்த அதே, சின்னத் துளை போட்டுச் செய்யும் கமரா ஒப்பரேசன்தான். உனக்கு ஒன்றரை மணித்தியாலம். இரண்டாம் நாளே எழும்பி நடந்து வீடியோ அனுப்பினாய். எனக்கு ஐந்து மணித்தியாலம். பிள்ளை எடுக்க வயிற்றை வெட்டிய இரண்டு சீசரும், குடல்வால் வெடித்துச் செய்த பழைய ஒப்பரேசனும் உள்ளே வேலை காட்டியிருக்கின்றன. குடலும் கர்ப்பப்பையும் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக் கிடந்தனவாம். பிரிக்கப் பிரிக்க, குடலில் ஓரிடம் கிழிந்து, அதையும் தைத்தார்களாம். பிறகுதான் இறங்கினதைத் தூக்கிக் கட்டினார்கள். நாலு நாள் தண்ணீர்கூட வாயில் படவில்லை.

மயக்கம் தெளிந்ததும் டொக்டரிடம் நான் கேட்டது, என் தங்கச்சிக்கு மட்டும் ஏன் இப்படி ஒட்டவில்லை என்றுதான். அவவுக்கு முன்னம் வயிற்றில் ஒப்பரேசன் ஏதும் செய்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அதுதான் என்றார். ஓம், உனக்கு மூன்றும் சுகப்பிரசவம். மூன்று தரமும் நாற்பது நாள் தண்ணீர் சுமந்து உன்னைப் பார்த்தது நான். சொல்லிக்காட்டக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

வார்ட்டில் உம்மா என் கட்டிலில் இருந்துகொண்டே போனில் உன்னோடு ஒரு மணித்தியாலம் கதைத்தா. சாப்பிட்டியா, பாரம் தூக்காதே என்று புத்தியெல்லாம் உனக்குத்தான். மூக்கில் குழாயோடு நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

நீ லீவு எடுத்து வரப்போகிறேன் என்றதும், தேவையில்லை, பார்க்க ஆள் இருக்கு என்று உன் மச்சான் சொன்னாரே. அப்படிச் சொல்லச் சொன்னது நான். ஆள் ஒருவரும் இல்லை. என்னைப் பிடித்துக் குளிக்க வார்க்க உம்மாவுக்கு ஏலாது. குசினியில் உன் மச்சான் கருக்கிய சோறுதான். நான் படுத்துக் கிடக்க, நீ என் வீட்டில் ஓடியாடி வேலை செய்வதைப் பார்க்கப் பொறுக்காது என்று பயந்தேன்.

வா, சுஹைரா. நான் முகம் சுளித்தாலும் போய்விடாதே.

அல்லாஹ் உன் உடம்பை இப்படியே நோவில்லாமல் வைத்திருக்கட்டும். இந்த ஒரு வரியை மனதார எழுத எனக்கு மூன்று நாள் எடுத்தது.

உன் ராத்தா,
நுஸ்ரத்